செத்தோ உள்நாட்டுக் கடலோரம்: எட்டு இரவில் எங்கே தங்குவது, எதை விடுவது?

கேள்வி இது: "ஒசாகா வரை வருகிறோம். அங்கிருந்து ஹிரோஷிமா வரையுள்ள கடலோரத்துக்கு எட்டு இரவு ஒதுக்கியிருக்கிறோம். நானும் மனைவியும், 65 வயது அம்மாவும். அம்மா முழுச் சைவம். ஹிரோஷிமா, மியாஜிமா தவிர அந்தப் பக்கம் என்ன இருக்கிறது? எந்த ஊரில் தங்கலாம்?"

முதலில் நேரடியான பதில். ஹிரோஷிமா நகரில் இரண்டு இரவு, மியாஜிமா தீவில் ஓர் இரவு, ஒனோமிச்சியில் இரண்டு, தகமாட்சுவில் மூன்று. நீங்கள் பார்க்க விரும்பக்கூடிய மற்ற ஊர்களில் பெரும்பாலானவை இதற்குள் பகல் பயணமாக அடங்கிவிடும். ஒசாகாவில் அறை போட்டுக்கொண்டு ஒரே நாளில் ஹிரோஷிமாவையும் மியாஜிமாவையும் பார்த்துத் திரும்பும் திட்டம் ஒன்றைப் பலரும் சொல்வார்கள். புல்லட் ரயில் ஒன்றரை மணி நேரத்தில் கொண்டுபோய் விட்டுவிடுவதால் அது முடியும்தான். ஆனால் அந்த ரயில் பாதை கணிசமான தூரம் சுரங்கங்களுக்குள்ளேயே ஓடுகிறது. கடலோரத்துக்குப் போய்விட்டுக் கடலையே பார்க்காமல் வருவீர்கள். ஒகயாமாவில் வேலை பார்த்த காலத்தில் ஊரிலிருந்து வந்த நண்பர்கள் பலர் அப்படி ஓடிவிட்டுப் போனதைப் பார்த்திருக்கிறேன். அதனால்தான் இவ்வளவு விரிவாக எழுதுகிறேன்.

ஹொன்ஷு, ஷிகோகு, கியூஷு என்ற மூன்று பெருந்தீவுகளுக்கு நடுவே அடைபட்டுக் கிடக்கும் கடல் இது. கிழக்கு மேற்காக ஏறத்தாழ 450 கிலோமீட்டர். உள்ளே 700க்கும் மேற்பட்ட தீவுகள். ஜப்பான் 1934இல் முதன்முதலாக அறிவித்த மூன்று தேசியப் பூங்காக்களில் இதுவும் ஒன்று. வடக்கிலும் தெற்கிலும் மலைத்தொடர்கள் மழைக்காற்றை மறித்துவிடுவதால் இங்கே மழை குறைவு. டோக்கியோவில் ஆண்டுக்கு 1,600 மி.மீ. அளவுக்குப் பெய்தால் தகமாட்சுவில் 1,150 மி.மீ. அளவுதான். உப்பளம், எலுமிச்சை, ஆலிவ், கோதுமை என்று இந்தப் பக்கம் பேர் வாங்கியதெல்லாம் அந்த வெயிலால் வந்தவை. தகமாட்சு இருக்கும், ஷிகோகுவைச் சேர்ந்த ககாவா மாநிலத்தில் மட்டும் பாசனக் குளங்கள் 12,000க்கும் மேல்.

மழையைவிட முக்கியமானது கடல் ஏற்றமும் வற்றமும். பசிபிக் கடலின் ஓதம் கிழக்கே ஒரு கால்வாய், மேற்கே ஒரு கால்வாய் என இரண்டு பக்கமிருந்தும் உள்ளே நுழைந்து நடுவில் சந்திக்கிறது. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் ஹிரோஷிமா விரிகுடாவில் ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் நான்கு மீட்டர் வரை வித்தியாசம் வரும். குறுகலான நீரிணைகளில் தண்ணீர் வெள்ளம் வந்த ஆறு போல ஓடும். கோயில் கட்டியது, துறைமுகம் அமைந்தது, கடற்கொள்ளையர் பிழைத்தது எல்லாம் இந்த ஓதத்தை வைத்துத்தான். ஆகவே பயணத் தேதி முடிவானதும் ரயில் நேரத்தைப் பார்க்கும் முன்பே ஓத அட்டவணையைப் பாருங்கள். மியாஜிமாவுக்கான அட்டவணையைத் தீவின் சுற்றுலாச் சங்கமே வெளியிடுகிறது.

ஹிரோஷிமாவிலிருந்து தொடங்குங்கள். ரயிலில் வந்து இறங்கியதும் டிராம் பிடியுங்கள். 2025 ஆகஸ்டு முதல் டிராம் நிலையக் கட்டடத்தின் இரண்டாம் தளத்துக்கே வந்து நிற்கிறது. 1945 ஆகஸ்டு 6 காலை 8.15க்கு அணுகுண்டு விழுந்தது. மூன்றாம் நாளே ஒரு சிறு பகுதியில் டிராமை மறுபடி ஓட்டிவிட்டார்கள். அன்று குண்டில் சிக்கி, பழுதுபார்த்து எடுத்த வண்டிகளில் ஓரிரண்டு இன்னமும் இருக்கின்றன. காலை நெரிசல் நேரத்தில் சில நாள் தடத்திலும் வரும்.

அமைதிப் பூங்காவைப் பார்க்கும்போது ஒன்றை நினைவில் வையுங்கள். அது எப்போதும் பூங்காவாக இருந்த வெற்றிடம் இல்லை. கடைகளும் வீடுகளும் நெருக்கியடித்த நகாஜிமா என்ற கடைத்தெருப் பகுதி. அந்த மண்ணின் மீதுதான் இன்றைய புல்வெளி. செக் நாட்டுக் கட்டடக் கலைஞர் யான் லெட்ஸல் வரைந்து 1915இல் கட்டி முடித்த பொருட்காட்சி மண்டபம்தான் இன்று குண்டு விழுந்த கோபுரமாக நிற்கிறது. 1996இல் அது உலகப் பாரம்பரியச் சின்னமானது. குண்டு விழுந்த 1945ஆம் ஆண்டின் இறுதிக்குள் இறந்தவர்கள் ஏறத்தாழ 1,40,000 பேர் என்பது நகராட்சியின் மதிப்பீடு.

அருங்காட்சியகத்துக்குக் காலையில் திறக்கும் நேரத்துக்கே போய்விடுங்கள். பத்து மணிக்கு மேல் கூட்டம் தாங்காது. உள்ளே துருப்பிடித்த மூன்று சக்கரச் சைக்கிள் ஒன்று இருக்கிறது. நான்கு வயதுகூட நிறையாத ஒரு பையன் அதை ஓட்டிக்கொண்டிருந்தபோது குண்டு விழுந்தது. பிள்ளை தனியே போய்ப் படுத்திருக்க வேண்டாம் என்று தகப்பனார் சைக்கிளையும் சேர்த்து வீட்டுப் பின்புறத்தில் புதைத்தார். 40 ஆண்டு கழித்து, 1985இல், எலும்புகளைத் தோண்டியெடுத்துக் குடும்பக் கல்லறையில் வைத்தபோதுதான் சைக்கிளை அருங்காட்சியகத்துக்குக் கொடுத்தார். கைப்பிடி வளைந்து, சக்கரங்கள் அப்படியே இருக்கின்றன. அம்மாவைக் கூட்டிப்போவதால் சொல்கிறேன்: காயப்பட்ட உடல்களின் படங்களும் அங்கே உண்டு. முன்கூட்டியே சொல்லி வையுங்கள். வெளியே வந்ததும் அடுத்த இடத்துக்கு ஓடாமல் ஆற்றங்கரைப் பெஞ்சில் உட்கார நேரம் விட்டு வையுங்கள். கோபுரத்துக்கு அருகே மோட்டோயாசு ஆற்றோரம் காந்தியின் மார்பளவுச் சிலை இருக்கிறது. ஜி7 மாநாட்டையொட்டி 2023 மே மாதம் நிறுவப்பட்டது.

மறுநாள் மியாஜிமா. கரையிலிருந்து படகில் பத்தே நிமிடம். 2023 அக்டோபரிலிருந்து தீவுக்கு வரும் பயணிகளிடம் 100 யென் வரியைப் படகுக் கட்டணத்தோடு வாங்குகிறார்கள். இட்சுகுஷிமா கோயிலுக்காகக் கடலுக்குள் நிற்கும் அந்தச் சிவப்பு வாயிலின் படத்தைப் பார்த்திருப்பீர்கள். அதை இரண்டு வேளை பார்க்க வேண்டும், அதற்காகத்தான் தீவில் தங்கச் சொல்கிறேன். ஓதம் 250 செ.மீ.க்கு மேல் ஏறினால் வாயிலும் கோயிலும் மிதப்பது போலத் தெரியும். 100 செ.மீ.க்குக் கீழே வற்றினால் சேற்று மணலில் நடந்தே வாயிலின் அடிக்குப் போய்விடலாம்.

அடியில் நின்று தூணைத் தொட்டுப் பாருங்கள். முழுக் கற்பூர மரம். தோல் உரித்த மரத்தின் முண்டும் முடிச்சும் அப்படியே இருக்கும், நேராகச் சீவி வைத்ததல்ல. கீழே சிப்பிகள் ஒட்டியிருக்கும். இப்போதுள்ள வாயில் 1875இல் எழுப்பியது. உயரம் 16 மீட்டருக்கும் மேல். தூண்களை மண்ணுக்குள் ஆழப் புதைக்கவில்லை. பைல் அடித்து உறுதிப்படுத்திய அடித்தளத்தின் மேல் சும்மா நிற்கிறது. மேல் உத்தரம் உள்ளே குடைந்த பெட்டி. அதற்குள் கைப்பிடி அளவுக் கற்களை ஏழு டன் அளவுக்கு நிரப்பி வைத்திருக்கிறார்கள். அந்தக் கனம்தான் புயலிலும் அலையிலும் அதை நிறுத்தி வைக்கிறது. கோயில் நடைபாதையின் பலகைகளுக்கு நடுவேயும் இடைவெளி விட்டிருப்பதைக் கவனியுங்கள். தண்ணீர் ஏறி வரும்போது அடியிலிருந்து முட்டித் தள்ளாமல் அந்த இடுக்கு வழியே மேலே வந்து வடிந்துவிடும். 12ஆம் நூற்றாண்டில் தைரா நோ கியோமோரி என்ற பிரபு விரிவாக்கிக் கட்டிய அமைப்பு இது. பக்கத்திலேயே தைகான்ஜி ஆலயத்தில் பென்ஸாய்தென் இருக்கிறாள். நம் சரஸ்வதிதான், பௌத்தத்தோடு சீனா வழியாக ஜப்பானுக்குப் போனவள். கையில் வீணைக்குப் பதில் பீவா என்ற நரம்பு வாத்தியம். தண்ணீருக்கு அருகேதான் அவளுக்குக் கோயில் கட்டுவார்கள். அம்மாவுக்கு அங்கே கும்பிடத் தோன்றும்.

மாலை ஐந்து மணிக்கு மேல் பகல்நேரக் கூட்டம் படகேறிப் போய்விடும். கடைகள் சாத்திவிடுவார்கள். மான்கள் மட்டும் தெருவில் திரியும். அந்த மாலையையும் மறுநாள் காலை ஏழு மணியையும் தவறவிடாதீர்கள். மிசென் மலை 535 மீட்டர். ரோப் காரில் போனாலும் கடைசி அரை மணி நேரம் ஏறி இறங்க வேண்டியிருக்கும். அம்மாவுக்கு முழங்கால் வலி இருந்தால் ரோப் கார் நிலையத்திலிருந்தே தீவுகள் நன்றாகத் தெரியும், அங்கேயே உட்கார்ந்து கொள்ளட்டும்.

அடுத்து ஒனோமிச்சி. மலைச்சரிவில் ஒன்றன்மேல் ஒன்றாகக் கோயில்கள், வீடுகள், படிக்கட்டுகள். கீழே ஒரு ரயில் தண்டவாளம், ஒரு கடைவீதி, உடனே கடல். எதிரே கூப்பிடு தூரத்தில் முகாய்ஷிமா தீவு. நடுவில் ஓடும் சிறு படகில் பள்ளிப் பிள்ளைகள் சைக்கிளோடு ஏறிப் போவார்கள். செங்கோஜி கோயிலுக்கு ரோப் காரில் ஏறிப் படிவழியாக இறங்குங்கள், ஏறுவதைவிட அதுதான் சுகம்.

இங்கே இரண்டு இரவு தங்கச் சொல்வதற்குக் காரணம் ஷிமானாமி கைடோ. ஒனோமிச்சியிலிருந்து ஷிகோகுவின் இமபாரி வரை ஆறு தீவுகளைப் பாலங்களால் கோத்த பாதை. 1999இல் முழுமையாகத் திறந்தார்கள். சைக்கிளுக்குத் தனி வழி உண்டு. மொத்தம் ஏறத்தாழ 70 கிலோமீட்டர். தரையில் நீலக்கோடு போட்டிருப்பதால் வழி தவறாது. முழுத் தூரமும் ஓட்டியே தீர வேண்டும் என்று எண்ணாதீர்கள். நீங்களும் மனைவியும் ஒனோமிச்சியில் மோட்டார் உதவியுள்ள சைக்கிள் வாடகைக்கு எடுத்து இகுச்சிஜிமா தீவின் செத்தோதா வரை ஓட்டுங்கள், 30 கிலோமீட்டர் சொச்சம். அம்மா ஒனோமிச்சியிலிருந்து நேராகப் படகில் நாற்பது நிமிடத்தில் செத்தோதா வந்துவிடலாம். திரும்பும்போது சைக்கிளையும் அதே படகில் ஏற்றிக்கொண்டு மூவரும் சேர்ந்து வந்துவிடலாம்.

இன்னோஷிமா பாலத்தில் சைக்கிள் வழி கார்ப் பாதைக்கு அடியில், இரும்புச் சட்டங்களுக்குள் போகிறது. தலைக்கு மேல் லாரிகளின் சத்தம், காலுக்குக் கீழே கடல். செத்தோதாவில் கோசான்ஜி என்ற கோயில் இருக்கிறது. இரும்புக் குழாய்த் தொழிலில் சம்பாதித்த ஒருவர் தாய் இறந்தபின் துறவியாகி, அவள் நினைவாக 1936 முதல் கட்டியது. ஜப்பானின் பேர்போன கோயில் வாயில்களையெல்லாம் அதே வடிவில் எழுப்பியிருக்கிறார். மேலே இத்தாலியிலிருந்து கொண்டுவந்த வெள்ளைப் பளிங்கால் மூடிய குன்று. வெயில் நேரத்தில் கண் கூசும், கறுப்புக் கண்ணாடி எடுத்துப் போங்கள். தீவு முழுக்க எலுமிச்சைத் தோட்டம். தெம்பிருந்தால் இன்னும் கொஞ்சம் தள்ளி ததாரா பாலம் வரை போய் வாருங்கள். 1999இல் திறந்தபோது உலகிலேயே நீளமான கண் (இரண்டு தூண்களுக்கு இடைப்பட்ட பகுதி) கொண்ட கேபிள் தாங்கு பாலம் அது, 890 மீட்டர். தூணின் அடியில் நின்று கைதட்டினால் ஓசை மேலே ஏறி ஏறிப் போவதைக் கேட்கலாம்.

இந்தத் தீவுகள்தான் முராகாமி கூட்டத்தாரின் கோட்டை. கடற்கொள்ளையர் என்று பெயர் வந்தாலும் அவர்கள் செய்தது பெரும்பாலும் சுங்கம் வசூலித்து வழிகாட்டியது. ஓதத்தின் போக்கு அவர்களுக்கு மட்டுமே அத்துப்படி. காசு கொடுத்த கப்பலுக்குக் கொடி கொடுத்துக் கடத்திவிடுவார்கள். 1588இல், அன்று ஜப்பானை ஆண்ட ஹிதெயோஷி தடை போட்டதோடு அது ஓய்ந்தது. ஆனால் ஓதம் ஓயவில்லை. இமபாரி பக்கத்துக் குருஷிமா நீரிணையில் கப்பல்கள் எந்தக் கால்வாயில் போக வேண்டும் என்பதே நீரோட்டத்தின் திசையைப் பொறுத்து மாறும். நீரோட்டத்தோடு போனால் நடுக் கால்வாய், எதிர்த்துப் போனால் மேற்குக் கால்வாய். இன்றைய சரக்குக் கப்பல்களுக்கும் இதுதான் சட்டம்.

எனக்கு மிகவும் பிடித்த ஊரை இப்போது சொல்கிறேன், தோமோ நோ உரா. ஒனோமிச்சியிலிருந்து ரயிலில் ஃபுகுயாமா, அங்கிருந்து பேருந்தில் அரை மணி நேரம். இரண்டு பக்க ஓதமும் சந்திக்கும் இடம் இதற்கு அருகில்தான். பாய்மரக் காலத்தில் கப்பல்கள் ஏற்றத்தோடு உள்ளே வந்து, தண்ணீர் திரும்பும்வரை இங்கே காத்திருந்து, வற்றத்தோடு மறுபக்கம் வெளியேறும். அந்தக் காத்திருப்புதான் ஊரை வளர்த்தது. துறையின் விளிம்பில் கல்படிகள் கடலுக்குள் இறங்கிக்கொண்டே போகும். தண்ணீர் எந்த மட்டத்தில் இருந்தாலும் ஏதோ ஒரு படியில் படகை அணைத்துச் சரக்கு இறக்க அப்படி ஒரு ஏற்பாடு. வற்றிய நேரத்தில் போனால் கீழ்ப்படிகளில் பாசியும் சிறு நண்டும் தெரியும். மேல்படி ஆள் உயரத்துக்கும் மேலே இருக்கும். படியருகே 1859இல் நிறுவிய கல் விளக்குத்தூண். கொரியாவின் தூதர்கள் டோக்கியோவுக்குப் போகும் வழியில் தங்கிய ஃபுகுஸென்ஜி கோயில் மண்டபத்தில் உட்கார்ந்தால், திறந்த சட்டங்கள் வழியே எதிர்த்தீவும் அதன் மேலுள்ள சிறு கோபுரமும் அப்படியே தெரியும். 1711இல் வந்த தூதர் ஒருவர் ஜப்பானிலேயே இதுதான் முதல்தரக் காட்சி என்று எழுதி வைத்துவிட்டுப் போனார்.

அந்தத் துறையை இழக்கப் பார்த்தார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். ஊருக்குள் தெரு குறுகல், வண்டி போக வழியில்லை என்று, விரிகுடாவின் ஒரு பகுதியை மண் போட்டு மூடிக் குறுக்கே பாலம் கட்ட மாநில நிர்வாகம் திட்டம் போட்டது. ஊர் இரண்டுபட்டது. பாலம் வேண்டும் என்றவர்களுக்கும் நியாயம் இருந்தது, ஆம்புலன்ஸ் நுழைய முடியாத தெருவில் வாழ்ந்தவர்கள் அவர்கள். எதிர்த்தவர்கள் வழக்குப் போட்டார்கள். 2009இல் ஹிரோஷிமா மாவட்ட நீதிமன்றம் அந்தக் காட்சியே பொதுச் சொத்து என்ற நோக்கில் கடலை மூட அனுமதி தரக்கூடாது என்று தீர்ப்பளித்தது. பின்னர் திட்டத்தைக் கைவிட்டார்கள். நீங்கள் நிற்கும் கல்படி இன்னமும் இருப்பது அதனால்தான். கடையில் ஹோமெய்ஷு என்ற மூலிகை மது விற்பார்கள், 17ஆம் நூற்றாண்டிலிருந்து இந்த ஊரின் சரக்கு. குடிக்காதவர்களுக்கு அதே மூலிகை வாசத்தில் மிட்டாய் கிடைக்கும்.

முயல் தீவு என்று படம் பார்த்து ஆசைப்பட்டிருந்தால் ஒகுனோஷிமாவை ஹிரோஷிமாவிலிருந்து ஒனோமிச்சி வரும் வழியில் சேர்த்துக்கொள்ளலாம். ததனோஉமி துறையிலிருந்து கால் மணி நேரம். ஆனால் முயலோடு நின்றுவிடாதீர்கள். 1929 முதல் போர் முடியும் வரை அங்கே ராணுவம் நச்சுவாயு தயாரித்தது. வரைபடங்களிலிருந்தே அந்தப் பகுதியை மறைத்தார்கள். சிறிய அருங்காட்சியகம் ஒன்று அந்தக் கதையைச் சொல்கிறது.

ஒனோமிச்சியிலிருந்து தகமாட்சுவுக்குப் போகும் நாளில் குராஷிகியில் இறங்கி மூன்று மணி நேரம் செலவிடுங்கள், போதும். கால்வாயோரம் வெள்ளைச் சுவர் கிடங்குகள், 1930இல் தொடங்கிய ஒஹாரா கலைக்கூடம், அதில் எல் கிரேகோவின் ஓவியம். ஒகயாமாவின் கோராகுஎன் தோட்டம் அழகுதான், ஆனால் தகமாட்சுவில் அதைவிட எனக்குப் பிடித்த தோட்டம் இருப்பதால் நேரம் இல்லையென்றால் விட்டுவிடலாம். ஒகயாமாவிலிருந்து தகமாட்சு செல்லும் ரயில் 1988இல் திறந்த பெரும் செத்தோ பாலத்தின் கீழ்த்தளத்தில், கடல் மேல் 9 கிலோமீட்டருக்கும் மேல் ஓடும். ஜன்னலோரம் பிடித்துக்கொள்ளுங்கள். 1955 மே மாதம் மூடுபனியில் ஷியுன் மாரு என்ற ரயில்வே படகு மோதி மூழ்கி 168 பேர் இறந்தார்கள். பெரும்பாலோர் சுற்றுலா சென்ற பள்ளிப் பிள்ளைகள். பாலம் கேட்டு எழுந்த குரல் வலுத்தது அந்த விபத்துக்குப் பிறகுதான்.

தகமாட்சு பெரிய அழகான நகரம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் துறைமுகம், ரயில் நிலையம், கோட்டை, விடுதிகள் எல்லாம் நடக்கும் தூரத்தில் இருப்பதால் தீவுகளுக்குப் போக இதைவிட வசதியான ஊர் இல்லை. ரித்சுரின் தோட்டம் சூரிய உதயத்துக்கே திறந்துவிடும். நூறாண்டுக்கு மேலாகச் சிறுகச் சிறுக அமைத்து 1745இல் முடித்த தோட்டம். ஆயிரத்துக்கும் மேற்பட்ட பைன் மரங்களைக் கையாலேயே சீர்செய்து வளைத்து வளர்க்கிறார்கள். காலை ஆறரைக்குப் போனால் தோட்டக்காரர்கள் ஏணி போட்டு ஊசியிலைகளைக் கிள்ளுவதைப் பார்க்கலாம்.

இங்கிருந்து நவோஷிமாவுக்கு ஒரு நாள், தெஷிமாவுக்கு ஒரு நாள். இரண்டையும் கலைத்தீவு என்று விளம்பரப்படுத்துவார்கள். நவோஷிமாவில் ததாவோ ஆண்டோ கட்டிய சிச்சு அருங்காட்சியகம் முழுவதும் நிலத்துக்கு அடியில். மோனேயின் அல்லி ஓவியங்களை இயற்கை வெளிச்சத்தில் மட்டுமே பார்ப்பீர்கள், மேகம் வந்தால் ஓவியத்தின் நிறமும் மாறும். கடற்கரைத் திண்டின் நுனியில் யாயோய் குசாமாவின் மஞ்சள் பூசணிச் சிற்பம். 2021 ஆகஸ்டில் புயல் அதைக் கடலுக்குள் இழுத்துப்போனது. மறு ஆண்டு புதிதாகச் செய்து வைத்தார்கள்.

இந்தத் தீவுகள் கலைக்கு முன்னால் என்னவாக இருந்தன என்று தெரிந்துகொண்டு போனால் பார்வை மாறும். நவோஷிமாவின் வடபகுதியில் 1917 முதல் செம்பு உருக்காலை. தெஷிமாவில் 1970களின் பிற்பகுதியிலிருந்து ஒரு நிறுவனம் தொழிற்கழிவைச் சட்டவிரோதமாகக் கொட்டிக் குவித்தது. 1990இல் போலீஸ் நுழைந்தபோதுதான் அது நின்றது. தீவுக்காரர்கள், பெரும்பாலும் முதியவர்கள், ஆண்டுக்கணக்கில் போராடி 2000இல் மாநில அரசோடு உடன்பாடு கண்டார்கள். ஏறத்தாழ 9 லட்சம் டன் கழிவையும் மாசுபட்ட மண்ணையும் 2003இலிருந்து 2017 வரை கப்பலில் ஏற்றி நவோஷிமாவுக்குக் கொண்டுபோய்ச் சுத்திகரித்தார்கள்.

கடலுக்கும் அதே கதி. 1972இல் செந்நீர்ப் பெருக்கு (நுண்பாசி பெருகிக் கடல் நிறம் மாறுவது) வந்து வளர்ப்பு மீன்கள் ஒரு கோடிக்கும் மேல் செத்தன. மறு ஆண்டே தனிச் சட்டம் போட்டுக் கழிவைக் கட்டுப்படுத்தினார்கள். தண்ணீர் தெளிந்தது. பிறகு சத்து குறைந்துபோய்க் கடற்பாசிப் பயிர் வெளுக்க ஆரம்பிக்க, இடத்துக்கு ஏற்பச் சத்தைக் கூட்ட வழிசெய்து 2021இல் சட்டத்தைத் திருத்தியிருக்கிறார்கள்.

இவ்வளவும் தெரிந்தபின் தெஷிமா கலைக்கூடத்துக்குள் போங்கள். படிக்கட்டு வயல்களின் நடுவே, தூணே இல்லாத வெள்ளைக் கான்கிரீட் ஓடு. நீளம் 60 மீட்டர், உயரம் நாலரை மீட்டருக்குள். கூரையில் இரண்டு பெரிய திறப்புகள். செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனால் தரையில் ஊசித்துளை அளவுத் துவாரங்களிலிருந்து நீர்த்துளிகள் ஊறி வரும். ஒன்று உருண்டு இன்னொன்றோடு சேரும், சட்டென்று ஓடும், நிற்கும். வேறு எதுவும் இல்லை. பேசக்கூடாது. கலை என்றாலே விலகிப்போகிறவர்களும் அங்கே எழுந்துவர மனமில்லாமல் உட்கார்ந்திருப்பார்கள். உங்களுக்கு ஒரே ஒரு தீவுக்குத்தான் நேரம் என்றால் நான் தெஷிமாவைத்தான் சொல்வேன்.

மூன்று ஆண்டுக்கு ஒருமுறை நடக்கும் செத்தோஉச்சி கலைவிழா 2010இல் தொடங்கியது. கடைசியாக 2025இல் நடந்தது. விழா இல்லாத ஆண்டில் போவதே அம்மாவுக்கு நல்லது. படகில் இடம் கிடைக்கும்.

ஷோடோஷிமா, மாட்சுயாமா இரண்டையும் இந்த முறை விடச் சொல்கிறேன். ஷோடோஷிமாவில் 1908இல் நட்ட ஆலிவும், பெரிய மரத்தொட்டிகளில் புளிக்கவைக்கும் சோயா சாஸும் பார்க்கத்தக்கவை, ஆனால் கார் இல்லாமல் சுற்றுவது சிரமம். மாட்சுயாமாவின் தோகோ வெந்நீர் ஊற்றுக் கட்டடம் 1894ஐச் சேர்ந்தது. பராமரிப்பு முடிந்து 2024 ஜூலையில் முழுதாகத் திறந்திருக்கிறார்கள். அதற்குத் தனியாக இரண்டு நாள் வேண்டும்.

சாப்பாடு. அம்மாவுக்காக இதைக் கொஞ்சம் அழுத்திச் சொல்கிறேன். தகமாட்சு என்றாலே சானுகி உதோன் என்ற தடித்த கோதுமை நூடுல்ஸ். காலை ஆறு ஏழு மணிக்கே திறந்து, மாவு தீர்ந்ததும் மதியம் இரண்டு மணிவாக்கில் சாத்திவிடும் சிறு கடைகள். தட்டை எடுத்து வரிசையில் நின்று, அளவைச் சொல்லி வாங்கி, சில கடைகளில் நீங்களே வெந்நீரில் முக்கிச் சூடாக்கிக்கொள்ள வேண்டும். ஆனால் சாறு கருவாட்டில் காய்ச்சியது. இந்தப் பக்கம் இரிகோ என்ற சிறு மீன். காய்கறி மட்டும்தான் என்று கடைக்காரர் சொன்னாலும் சாற்றில் மீன் இருக்கும், அதை அவர் மீனாகவே கருதமாட்டார். வெறும் உதோனை வடித்து வாங்கி, வெங்காயத்தாளும் இஞ்சியும் எள்ளும் போட்டுச் சோயா சாஸ் ஊற்றிக்கொள்ளலாம். மேசையில் இருக்கும் சாஸிலும் மீன்சாறு கலந்திருக்கக்கூடும், கேட்டுவிடுங்கள். சிறிய சாஸ் புட்டி ஒன்றைச் சூப்பர் மார்க்கெட்டில் வாங்கிக் கைப்பையில் வைத்துக்கொள்வது மேல்.

ஹிரோஷிமாவின் ஒகொனொமியாகி, மெல்லிய தோசை போல ஊற்றிய மாவின் மேல் முட்டைக்கோஸைக் குவித்து நூடுல்ஸோடு அடுக்கிச் சுடுவது. இறைச்சி, முட்டை, மீன்தூள் மூன்றும் வேண்டாம் என்று எழுதிக் காட்டினால் செய்து தருவார்கள். சாஸிலும் அசைவம் இருக்கலாம், தோசைக்கல்லும் பொது. அது அம்மாவுக்கு ஒப்பாது என்றால் ஹிரோஷிமா, ஒகயாமா, தகமாட்சு மூன்று ஊரிலும் நேபாளிகள் நடத்தும் இந்திய உணவகங்கள் உண்டு, பருப்பும் ரொட்டியும் கிடைக்கும். தீவுகளில் எதையும் நம்பாதீர்கள். காலையில் கிளம்பும்போதே உப்பு மட்டும் போட்ட சோற்று உருண்டை, வாழைப்பழம், ஊரிலிருந்து கொண்டுபோன பருப்புப் பொடி இவற்றைக் கட்டிக்கொள்ளுங்கள். மியாஜிமா விடுதியில் இரவுச் சாப்பாடு அறை வாடகையோடு சேர்ந்தே வரும். முன்பதிவு செய்யும்போதே சைவம் என்று எழுதிப் பதில் வாங்கிவிடுங்கள், போய் இறங்கிச் சொன்னால் அவர்களால் மாற்ற முடியாது.

மாதம் என்றால் ஏப்ரல், மே அல்லது அக்டோபர் பிற்பாதி முதல் நவம்பர். ஜூன் முதல் ஜூலை நடுவரை மழைக்காலம். 2018 ஜூலையில் இதே பகுதியில்தான் பெருவெள்ளம் வந்தது. ஆகஸ்டு வெயில் அம்மாவுக்கு ஆகாது, ஆறாம் தேதியை ஒட்டி ஹிரோஷிமாவில் அறையும் கிடைக்காது. செப்டம்பரில் புயல். வசந்த காலத்தில் ஒரு குறை: காலைக் கடலில் மூடுபனி இறங்கினால் படகுகளை நிறுத்திவிடுவார்கள். அதனால் தீவு நாளை ஊர் திரும்பும் நாளுக்கு முந்தைய நாளாக வைக்காமல் ஒரு நாள் இடைவெளி விடுங்கள்.

கடைசியாக, முன்பதிவு செய்யும் வரிசை. முதலில் மியாஜிமா விடுதி. ஓத அட்டவணையில் பகல் ஏற்றமும் பகல் வற்றமும் ஒரே நாளில் வரும் தேதியாகப் பாருங்கள். அடுத்து சிச்சு, தெஷிமா கலைக்கூடங்களின் நேரச்சீட்டு. சிச்சுவுக்குத் திங்கள் விடுமுறை, தெஷிமாவுக்குச் செவ்வாய், குராஷிகியின் ஒஹாராவுக்கும் திங்கள். ஆகவே தகமாட்சு நாட்கள் புதனிலிருந்து ஞாயிற்றுக்குள் விழும்படி மொத்தத் திட்டத்தையும் நகர்த்திக்கொள்ளுங்கள். ரயிலுக்கு அவசரமில்லை, முந்தைய நாள்கூட எடுக்கலாம். பெரிய பெட்டிகளை ஹிரோஷிமா விடுதியிலிருந்தே கூரியரில் தகமாட்சுவுக்கு அனுப்பிவிடுங்கள், பெரும்பாலும் மறுநாளே போய்ச் சேரும். தீவுப் படகுகளுக்கும் சிறு கடைகளுக்கும் ரொக்கம் வைத்திருங்கள். தெஷிமாவில் இறங்கியதும் முதல் வேலையாகத் திரும்பும் கடைசிப் படகின் நேரத்தைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். அது மாலை ஐந்து, ஐந்தரைக்கே போய்விடுவது உண்டு, அதன்பின் தீவில் தங்க இடம் கிடைப்பது கடினம்.